ஓட்டுப் போடாதவர் கணக்கை யார் எடுப்பது?

"அம்மிணி, ஓட்டுக்கு வர்றியா, இல்லியா? உம்பேருக்கும் சேத்துத்தான் ஸ்லிப்பு குடுத்துட்டுப் போயிருக்காங்க."

2022 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை இரவு. கரூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அம்மா போன் செய்து கேட்டார். மறுநாள் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். "பஸ்ல டிக்கெட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அதைவிடக் கொடுமை மறுநாள் நடந்தது. டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. சென்னையில் டெஸ்க்கில் உட்கார்ந்து, "காலை 9 மணி நிலவரம்", "மதியம் 1 மணி நிலவரம்" என்று வாக்குப்பதிவு அப்டேட்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். நடுவே, "வாக்களிப்பது நம் கடமை" என்று ஒரு கார்டும் போட்டேன். லைக்ஸ் நன்றாகவே வந்தது. அதைப் போட்ட விரலில் மட்டும் மை இல்லை.

இந்த வாரம் உள்ளாட்சி பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது அந்த மை இல்லாத விரல்தான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் எத்தனை சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று நமக்குச் சொல்கிறார்கள். போடாதவர்கள் யார், ஏன் போடவில்லை என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்களை?

முதலில் அந்த எண்கள்

2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 489 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. தமிழ்நாடு முழுக்கப் பதிவான வாக்குகள் 60.70 சதவீதம். பேரூராட்சிகளில் 74.68. நகராட்சிகளில் 68.22. மாநகராட்சிகளில் 52.22. சென்னை மாநகராட்சியில் 43.59.

இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக ஓட்டு குறைந்துகொண்டே போகிறது. மாவட்ட வாரியாகப் பார்த்தால் முதலிடம் எங்கள் கரூர், 76.34 சதவீதம். கடைசி இடம் சென்னை.

கிராமங்களில் இன்னும் அதிகம். 2019 டிசம்பரிலும் 2021 அக்டோபரிலும் தலா இரண்டு கட்டங்களாக ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எந்தக் கட்டத்திலும் 76 சதவீதத்துக்குக் குறையவில்லை. இத்தனைக்கும் கிராமத்து வாக்காளருக்கு வேலை நான்கு மடங்கு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டிலும் முத்திரை குத்தி, மடித்துப் போட வேண்டும். நகரத்தில் இயந்திரத்தில் ஒரே ஒரு பட்டன்தான்.

சென்னைக்காரர்கள் எந்தத் தேர்தலுக்குமே வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஏப்ரலில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையும் மாநகராட்சி எல்லையும் அப்படியே ஒன்றல்ல என்றாலும், பத்தே மாதத்தில் 43-க்கு இறங்கியது சின்ன வித்தியாசம் இல்லை. கோட்டைக்கு ஆள் அனுப்ப வந்தவர்களில் பலர், தெருவிளக்குக்கும் குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் ஆள் தேர்ந்தெடுக்க வரவில்லை.

நான் எந்தக் கணக்கில் இருக்கிறேன்?

அன்று நான் சென்னையில் இருந்தேன். பெயர் கரூர் மாவட்டப் பட்டியலில் இருந்தது. அதனால் சென்னையின் 43.59-க்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. கரூரில் ஓட்டுப் போடாத 23.66 சதவீதத்தில் நான் ஒருத்தி. எங்கள் ஊருக்கு வந்த கெட்ட பெயரில் என் பங்கும் உண்டு.

சென்னைக்கு இதே கதை தலைகீழாகப் பொருந்தும். வாடகை வீடு மாறிப் போனவர்கள், கல்யாணமாகி வேறு ஊர் போனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்துபோனவர்கள் எனப் பலரது பெயர்கள் பழைய முகவரியிலேயே கிடக்கும். அவர்களால் ஓட்டுப் போட முடியாது. ஆனால், சதவீதம் கணக்கிடும்போது அவர்களும் 'வராதவர்கள்'தான். இன்னொரு பக்கம், இங்கேயே ஐந்து வருடமாகத் தங்கி, இங்கேயே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, இங்கேயே வெள்ளத்தில் நனைந்த என்னைப் போன்ற ஆட்கள் பட்டியலிலேயே இல்லை.

அப்படியென்றால் 43.59 என்பதில் சோம்பேறித்தனம் எவ்வளவு, பட்டியலின் குளறுபடி எவ்வளவு? அந்தச் சமயத்தில் ஒமைக்ரான் அலை அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வேலை என்று சொந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்கள் எவ்வளவு? பிரித்துச் சொல்லாதவரை, 'படித்தவன் ஓட்டுப் போடுவதில்லை' என்று வருடா வருடம் திட்டிக்கொண்டேதான் இருப்போம்.

எங்கள் அபார்ட்மென்டில் ஒரு சின்ன விசாரணை

உள்ளாட்சி அமைப்புகளுக்கு அனுப்ப ஒரு கேள்வித்தாள் தயாரிக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால், எங்கள் கட்டடத்திலேயே சிலரிடம் பேசிப் பார்த்தேன். இது சர்வே இல்லை, வெறும் அரட்டைதான். ஆனாலும் சில விஷயங்கள் தெளிவாகின.

ஹவுஸ் ஓனர் சாரிடம் கேட்டேன். "கவுன்சிலர் எலெக்‌ஷனா? அன்னிக்கு சனிக்கிழமை லீவு விட்டாங்கல்ல, மகாபலிபுரம் போயிட்டோம்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "சொத்து வரியை எப்படி ஏத்திட்டாங்க பாத்தியா? வாடகையைக் கொஞ்சம் கூட்டித்தான் ஆகணும்" என்றார். தேர்தல் முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரலில்தான் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை. முடிவெடுத்தது மாநில அரசு. ஆனால், அது தீர்மானமாக வந்து நின்ற இடம் மாநகராட்சி, நகராட்சி மன்றங்கள். அங்கே கை தூக்கவும் எதிர்த்துப் பேசவும் உரிமை உள்ளவர், நாம் அந்தச் சனிக்கிழமை தேர்ந்தெடுத்த அல்லது தேர்ந்தெடுக்காத கவுன்சிலர்.

மூன்றாம் மாடி அக்கா சொன்ன காரணம் வேறு. "போனேன்பா. வழக்கமா போடுற ஸ்கூல்ல என் பேரு இல்ல. வேற ஸ்கூலுக்குப் போங்கன்னாங்க. அங்க போனா, அவருக்கு அங்க இருக்கு, எனக்கு இல்ல. வெயில்ல எவ்ளோ நேரம் அலையறது?" வார்டு எல்லைகள் மாற்றி வரையப்பட்டதும் வாக்குச்சாவடிகள் மாறியதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓட்டுப் போட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரையும் 'வராதவர்' என்று எழுதிக்கொண்டோம்.

வாட்ச்மேன் தாத்தாவுக்கு விழுப்புரம் பக்கம். "அங்க நம்ம ஊரு பஞ்சாயத்து எலெக்‌ஷன்னா லீவு போட்டுட்டுப் போயிடுவேன் கண்ணு. நின்னவன் என் சித்தப்பா பேரன். போகலன்னா அப்புறம் மூஞ்சில முழிக்க முடியுமா?" என்றார். "இங்க?" என்று கேட்டேன். "இங்க நமக்கு யாரைத் தெரியும்?"

தெரிந்த முகமும் தெரியாத முகமும்

தாத்தா சொன்னதுதான் பாதி விடை என்று நினைக்கிறேன். சென்னையில் 200 வார்டுகள். 2022-ல் வாக்காளர்கள் 61 லட்சத்துக்கும் மேல். அதாவது, ஒரு வார்டுக்குச் சராசரியாக 30 ஆயிரம் பேர். ஒரு பேரூராட்சியில் பெரும்பாலும் 15 அல்லது 18 வார்டுகள். அங்கே ஒரு வார்டில் சில நூறு பேரோ, ஆயிரத்துச் சொச்சம் பேரோ இருப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அவர் வார்டில் நின்ற எல்லோரையும் தெரியும். யார் வீட்டு மருமகள், எந்தக் கடைக்காரர், யார் கொடுத்த கடனைத் திருப்பித் தரவில்லை என்பது வரை தெரியும். சென்னையில் எனக்குத் தெரிந்தது, லிஃப்ட் பக்கத்தில் செருகியிருந்த ஒரு நோட்டீஸ் மட்டும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கிராமத்தில் ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011-ல் சென்னை வாக்காளருக்கும் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தது. 2022-ல் கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 28 வயதில் பிரியா சென்னையின் மேயரானது எங்களைப் போன்றவர்களுக்கு உற்சாகமான செய்தி. ஆனால், ஓட்டுப் போடும் அன்று யார் மேயர் வேட்பாளர் என்பதே வாக்காளருக்குத் தெரியாது. தெரியாத முகத்துக்காக எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?

வெளியூர் அனுபவமும் இதையே சொல்கிறது. நியூசிலாந்தில் உள்ளூர்த் தேர்தல் என்றால் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். வரிசையும் இல்லை, வெயிலும் இல்லை. அப்படியும் 2019-ல் அந்த நாட்டின் பெரிய நகரமான ஆக்லாந்தில் பதிவானது சுமார் 35 சதவீதம். வசதி செய்து கொடுத்தால் மட்டும் போதாது. அந்த ஆளால் நமக்கு என்ன ஆகப்போகிறது என்பது தெரிய வேண்டும்.

அதற்காகச் சதவீதம் அதிகமாக இருந்தாலே ஜனநாயகம் கொழிக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். சின்ன ஊரில் ஓட்டுப் போட வருபவர் எல்லோரும் ஆசையாக வருவதில்லை. சாதிக்காகவும் சொந்தத்துக்காகவும், யார் வரவில்லை என்று கணக்குப் பார்ப்பார்களே என்ற பயத்துக்காகவும் வருகிறார்கள். வீட்டுக்கு வந்த கவருக்காக வருபவர்களும் உண்டு. அந்த 74-க்குள்ளும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

கவுன்சிலரே இல்லாத ஐந்து வருடம்

"யார் வந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். யாருமே வராமல் இருந்த காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம்.

2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை, மீண்டும் வழக்கு என்று இழுத்து, நகரங்களுக்குத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது.

அந்த ஐந்து வருடத்தில் சென்னையில் என்னவெல்லாம் நடந்தது? 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்துடன் லாரிக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்ப் பஞ்சம். 2020-ல் கொரோனா. 2021 நவம்பரில் மறுபடியும் வெள்ளம். இவை எல்லாவற்றின்போதும் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மரம் விழுந்தாலும் தண்ணீர் வராவிட்டாலும் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. அந்த வீட்டில் இருப்பவர் நல்லவரோ கெட்டவரோ, அடுத்த முறை நம் ஓட்டு வேண்டும் என்ற பயமாவது அவருக்கு இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இதில் இன்னொரு இழப்பு. 2011 தேர்தல் முடிந்த மறுமாதம் 18 வயதான ஒருவர், நகரத்தில் முதல்முறையாகக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடும்போது வயது 28. பத்து வருடமாக நடக்காத ஒரு தேர்தலுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

கிராமங்களிலும் இது தொடங்கியிருக்கிறது. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. அங்கேயும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2027 தொடக்கம் வரை காலம் இருக்கிறது. கேள்வி கேட்க இதுதான் நேரம்.

உள்ளாட்சிகளிடம் ஐந்து கேள்விகள்

நான் தயாரித்த கேள்வித்தாள் இதுதான். ஒவ்வொரு மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் பொருந்தும்.

1. கடந்த தேர்தலில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஆண்கள், பெண்கள், மூன்றாம் பாலினத்தவர் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? (மாவட்டச் சராசரியை வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்தப் பள்ளிக்கூடத்தில் குறைந்தது என்று தெரிந்தால்தான் காரணம் தேட முடியும்.)

2. வீடு வீடாக பூத் சிலிப் கொடுக்கப் போனபோது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தவை எத்தனை? (பட்டியலில் மட்டும் இருப்பவர்கள் எவ்வளவு என்பதற்கு இது ஒரு தோராயக் கணக்கு.)

3. வார்டு எல்லையோ வாக்குச்சாவடியோ மாறிய தெருக்கள் எவை? அங்கே வசிப்பவர்களுக்கு எப்படித் தெரிவித்தீர்கள்?

4. தேர்தலுக்குப் பிறகு மன்றக் கூட்டம் எத்தனை நடந்தது? எங்கள் வார்டில் ஏரியா சபை எத்தனை முறை கூடியது? (நகரங்களில் ஏரியா சபை முதன்முறையாகக் கூடியது 2022 நவம்பர் 1 அன்று. உங்கள் தெருவில் அப்படி ஒன்று நடந்ததாகத் தெரியுமா?)

5. ஓட்டு மிகக் குறைவாகப் பதிவான பகுதிகளில், அடுத்த தேர்தலுக்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள்?

இவற்றில் முதல் கேள்விக்கான எண்களை யாரும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடி அலுவலரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணக்குதான். கேட்பவர்கள்தான் இல்லை.

நீங்களே கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் இந்தக் கேள்விகளில் உங்களுக்குத் தேவையானதை எழுதி, 10 ரூபாய்க் கட்டணத்துடன், உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 'ஏன்' என்று கேட்காமல் 'எத்தனை', 'எப்போது', 'எங்கே' என்று கேளுங்கள். காரணம் கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். ஏடுகளில் இருக்கும் எண்ணைக் கேட்டால் அது அவ்வளவு சுலபமில்லை.

ஆறாயிரம் பேர் போதும்

கடைசியாக ஒரு சின்ன மனக்கணக்கு. 30 ஆயிரம் வாக்காளர்கள் உள்ள வார்டில் 43 சதவீதம் பதிவானால், சுமார் 13 ஆயிரம் ஓட்டு. அதை நான்கைந்து வேட்பாளர்கள் பிரித்துக்கொண்டால், ஆறாயிரம் வாங்கியவர் ஜெயித்துவிடலாம். ஐந்தில் ஒருவரின் ஆதரவு இருந்தால் போதும். மிச்ச நான்கு பேரை அவர் ஏன் தேடி வர வேண்டும்? ஓட்டுப் போடாத தெருவில் விளக்கு எரியவில்லை என்றால், அவசரம் யாருக்கு?

நான் என் பங்குக்கு ஒரு வேலை செய்துவிட்டேன். படிவம் 8 நிரப்பி, என் பெயரைச் சென்னை முகவரிக்கு மாற்றிவிட்டேன். போனிலேயே முடிந்துவிட்டது. அன்று பஸ் டிக்கெட் தேடியிருந்தால் ஆகியிருக்கும் நேரம்தான். எங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார், அவர் அலுவலகம் எந்தத் தெருவில் என்றெல்லாம் அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன். தினமும் டீ குடிக்கும் கடைக்கு எதிர்ச் சந்தில்தான் இருக்கிறது அந்த அலுவலகம்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இங்க லிஸ்ட்டுல உம்பேரு இருக்காதா?" என்று கேட்டார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது. உடனே சமாளித்துக்கொண்டு, "செரி கண்ணு, அங்கயாவது ஒழுங்காப் போயிப் போடு" என்றார்.

உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் பெயர் என்ன? போனில் தேடாமல் சொல்ல முடிகிறதா என்று இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பாருங்கள்.